வாக்குமூலமும் வாசகரும்: ஆந்த்ரே அகாசியின் ‘ஓப்பன்’ நூல் குறித்த எதிர்வினைகள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

தன்வரலாற்று நூல் ஒன்றைப் படித்து முடித்த வாசகர் அதனைப் பாராட்ட விரும்பும்போது முதலில் எடுத்தாளும் சொல் ‘நேர்மை’ என்பதாகும். புதினத்தையோ கவிதையையோ இச்சொல்லால் முதன்மையாகப் பாராட்டுவார் இலர். தன்வரலாற்றுக்கு மட்டும் இச்சொல் உரியதாவது ஏன், அந்நேர்மையை வாசகர் எவ்வாறு அளந்தறிகிறார் என்னும் வினாக்கள் எளியனபோலத் தோன்றினும் விடை காண்டற்கு அரியன. நூலாசிரியரின் அகவாழ்வை வாசகர் முன்னர் அறியார். அறியாத ஒன்றை ‘உண்மை’ என அவர் ஏற்றுக்கொள்வது எதனைச் சான்றாகக் கொண்டு?

இவ்வினாவை ஆராய்வதற்கு அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியின் ‘ஓப்பன்’ (2009) என்னும் தன்வரலாறு தகுந்த களமாக அமைகிறது. பல நாடுகளின் வாசகர்களால் பரவலாகப் படிக்கப்பட்ட இந்நூல் கடும் கண்டனத்தையும் பெரும் பாராட்டையும் ஒருங்கே பெற்றது. கண்டித்தோரும் பாராட்டியோரும் ‘உண்மை’ என்னும் ஒரே அளவுகோலையே கையாண்டனர் என்பது கருதத்தக்கது. இந்நூல் குறித்து எழுந்த கருத்துகளை வகைப்படுத்தி, அவற்றின் அடிப்படைகளை நூலின் அமைப்போடு பொருத்தி மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வாசகர் ஏற்புக் கொள்கையின் கருத்தாக்கங்களும், தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர், முன்னம் ஆகிய உறுப்புகளும் இவ்வாய்வுக்குத் துணையாகக் கொள்ளப்பெறுகின்றன.

நூலும் வாழ்வும்

அகாசி 1970ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் நகரில் பிறந்தார். தந்தை மைக் அகாசி 1948, 1952 ஒலிம்பிக் போட்டிகளில் ஈரான் நாட்டின் சார்பில் குத்துச்சண்டையில் பங்கேற்றவர். பின்னர் அமெரிக்காவில் குடியேறியவர். மகன் பதின்பருவத்தில் ஃபுளோரிடாவிலுள்ள நிக் பொலிட்டியெரியின் டென்னிஸ் பயிற்சிக் கழகத்துக்கு அனுப்பப்பட்டார். ஒன்பதாம் வகுப்போடு அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. 1992இல் விம்பிள்டன் பட்டத்தை வென்ற அவர், 2003 வரை எட்டு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களைப் பெற்றார். இடையில் 1997இல் தரவரிசையில் 141ஆம் இடத்துக்குச் சரிந்து, 1999இல் பிரெஞ்சு ஓப்பன் பட்டத்தை வென்று மீண்டெழுந்தார். நான்கு கிராண்ட் ஸ்லாம் தொடர்களையும் ஒலிம்பிக் தங்கத்தையும் ஒற்றையர் பிரிவில் வென்ற முதல் ஆடவர் அவரே. 2006 செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் தொடரோடு ஓய்வு பெற்றார்.

இவ்வளவும் செய்தித்தாள்கள் வழி உலகறிந்தவை. நூல் தரும் புதுச் செய்திகள் வேறு. தம்மைப் புகழுக்கு உரியவராக்கிய டென்னிஸ் விளையாட்டைத் தாம் வெறுத்ததாக அகாசி தொடக்கத்திலேயே அறிவிக்கிறார். அடர்ந்த நீள்முடிக்காகக் கொண்டாடப்பட்ட காலத்தில் பொய்முடி அணிந்திருந்ததையும், 1997இல் மெத்தம்ஃபெட்டமைன் என்னும் போதைப்பொருளைப் பயன்படுத்தியதையும், சோதனையில் அகப்பட்டபோது பொய் கூறித் தப்பியதையும் வெளியிடுகிறார். தொடர்களின் பெயராகவும் ‘திறந்த’ என்னும் பொருள்படும் சொல்லாகவும் நிற்கும் ‘ஓப்பன்’ என்னும் தலைப்பு, ஒளிவுமறைவின்மையை வாசகருக்கு வாக்களிக்கிறது. நூல் பற்றிய கருத்துகள் அனைத்தும் இவ்வாக்குறுதியைச் சுற்றியே எழுந்தன.

எதிர்பார்ப்பு எல்லை

ஒரு நூலை வாசகர் வெறுமையான மனத்தோடு அணுகுவதில்லை. அவ்வகை நூல்களை முன்னர்ப் படித்த பழக்கம் ஓர் எதிர்பார்ப்பு எல்லையை அவருள் அமைத்துவிடுகிறது. புதிய நூல் அவ்வெல்லைக்குள் அடங்குகிறதா, அதனை மீறுகிறதா என்பதைக் கொண்டே அதன் ஏற்பு அமைகிறது என்று ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் 1960களின் இறுதியில் விளக்கினார். ‘ஓப்பன்’ வெளிவந்தபோது விளையாட்டு வீரர்களின் தன்வரலாறு பற்றிய எதிர்பார்ப்பு தாழ்ந்ததாகவே இருந்தது.

இதற்கு டேவிட் ஃபாஸ்டர் வாலஸின் கட்டுரை ஒன்று தக்க சான்றாகும். இளமையில் போட்டி டென்னிஸ் ஆடியவரான வாலஸ், டென்னிஸ் வீராங்கனை ட்ரேசி ஆஸ்டினின் தன்வரலாற்றை (1992) முன்வைத்துத் தம் ஏமாற்றத்தை அக்கட்டுரையில் பதிவு செய்தார். அது 2005இல் அவருடைய கட்டுரைத் தொகுப்பு ஒன்றில் இடம்பெற்றது. பதினாறு வயதில் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்ற ஒருவரிடமிருந்து உச்சநிலைத் திறமையின் உள்ளனுபவத்தை அறிய விழைந்த வாசகருக்குத் தேய்ந்த தொடர்களே கிடைத்தன என்பது அவருடைய குறை. ஆடுகளத்தில் தன்னைப் பற்றி எண்ணாதிருத்தலே அத்திறமையின் இயல்பாக இருக்கலாம். அவ்வாறாயின் ஆடியவரே அதனை மொழியில் கூறுதல் எங்ஙனம் கூடும் என்ற கேள்வியோடு அவர் தம் சிந்தனையை நிறுத்தினார்.

2008இல் வெளிவந்த பீட் சாம்ப்ராஸின் தன்வரலாறும் இவ்வெல்லையைப் பெரிதும் மீறவில்லை. பதினான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்ற அவர், ஆட்டங்களையும் பயிற்சியையும் ஒழுங்குபட விவரித்து, தம் உள்ளத்தைப் பெரும்பாலும் காத்துக்கொண்டார். இப்பின்னணியில், ஓராண்டுக்குப் பின் வந்த அகாசியின் நூல் வாசகரின் எதிர்பார்ப்பை முற்றிலும் குலைத்தது. விளையாட்டு வீரர் ஒருவர் எழுதிய விளையாட்டு எதிர்ப்பு நூல்களுள் மிகத் தீவிரமானவற்றில் ஒன்றாக இதனை ‘நியூயார்க் டைம்ஸ்’ மதிப்புரையில் சாம் டனன்ஹாஸ் கருதினார். வெற்றியைப் போற்றும் வகைமைக்குள்ளிருந்தே அவ்வகைமைக்கு எதிரான குரல் எழுந்தது என்பதே இம்மதிப்பீட்டின் சாரம். வாலஸ் 2008இல் மறைந்தமையால், அவர் எழுப்பிய கேள்விக்கு விடை போலத் தோன்றும் இந்நூலை அவர் காணவில்லை.

நூலுக்கு முன் வந்த கருத்துகள்

‘ஓப்பன்’ நூலின் ஏற்பு வரலாற்றில் ஒரு முரண் காணப்படுகிறது. மிக உரத்த கருத்துகள் நூல் வெளிவருவதற்கு முன்னரே கூறப்பட்டுவிட்டன. நூல் 2009 நவம்பர் மாதத்தில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன், அக்டோபர் இறுதியிலேயே, சில பகுதிகள் இதழ்களில் வெளியாயின. போதைப்பொருள் பற்றிய பகுதி உலகெங்கும் தலைப்புச் செய்தியாயிற்று. சக வீரர்கள் அச்செய்திக்கு எதிர்வினையாற்றினர்.

பொருளைப் பயன்படுத்தியதைவிடப் பொய் கூறியதே தம்மை அதிர்ச்சியடையச் செய்ததாக மார்ட்டினா நவ்ரத்திலோவா கூறினார். ரோஜர் ஃபெடரர் ஏமாற்றம் தெரிவித்தார். ஓய்வு பெற்றபின் இதனை ஏன் கூற வேண்டும் என்று வினவிய ரஃபேல் நடால், அகாசியைக் காத்துப் பிறரைத் தண்டித்திருப்பின் அது ஏனைய வீரர்களை மதியாத செயல் என்றார். வென்ற பட்டங்களையும் பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது மராத் சாஃபினின் கருத்து. ஆண்டி ராடிக் மட்டும் வேறு நிலையெடுத்து, அகாசி தம்மிடம் நடந்துகொண்ட முறையைக் கொண்டே அவரை மதிப்பிடுவதாகக் கூறி ஆதரித்தார்.

இக்கருத்துகளை ‘வாசகர் கருத்து’ என்று கொள்ளலாமா என்பது முதற்கண் எழும் ஐயம். இவர்கள் முன்னிருந்தது நூலின் ஒரு துணுக்கு. அதுவும் செய்தியாக மாற்றப்பட்ட துணுக்கு. செய்தி, ‘என்ன நிகழ்ந்தது’ என்பதை மட்டும் கூறும். நூலோ அந்நிகழ்வுக்கு முன் இருபத்தேழு ஆண்டுகால வாழ்வையும் பின் பன்னிரண்டு ஆண்டுகால வாழ்வையும் வைத்து அதற்குப் பொருள் தருகிறது. ஆகவே இவர்கள் நூலைப் படித்து முடித்த வாசகராகப் பேசவில்லை; செய்தியைக் கேட்டவராகவும் அச்செயலால் நலன் பாதிக்கப்படுபவராகவும் பேசினர்.

ஆயினும் இக்காரணத்தால் இவர்தம் கருத்துகளைத் தள்ளிவிடுதல் முறையன்று. தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகளுள் கூற்றை அடுத்துக் கேட்போரையும் ஓர் உறுப்பாக எண்ணியுள்ளார். ஒரு கூற்றின் பொருள் அதனைக் கேட்பவர் யார் என்பதனாலும் அமைகிறது. அகாசியின் கூற்றுக்குக் கேட்போர் இரு திறத்தார். அவரோடு ஒரே விதிகளின் கீழ் ஆடியோர் ஒரு திறத்தார். நூலை விலை கொடுத்து வாங்கிப் படிப்போர் மற்றொரு திறத்தார். முதல் திறத்தாருக்கு அது குற்ற ஒப்புதல். இரண்டாம் திறத்தாருக்கு அது கதைப்பகுதி. ஒரே கூற்று இரு வேறு கேட்போரிடம் இரு வேறு பொருள் கொண்டது.

முதல் திறத்தாரின் சினத்துக்கு அவ்வாண்டின் சூழலும் காரணமாயிற்று. மார்ட்டினா ஹிங்கிஸ் 2007 விம்பிள்டன் தொடரின்போது எடுக்கப்பட்ட சோதனையில் கொக்கெயின் தடயம் காணப்பட்டமைக்காக இரண்டாண்டுத் தடை பெற்றார். அவர் குற்றத்தை மறுத்தார். ரிச்சர்ட் காஸ்கே 2009இல் இதே போன்ற சோதனையில் சிக்கினார். தற்செயலாகத் தம் உடலில் அப்பொருள் சேர்ந்தது என்ற அவருடைய விளக்கத்தைத் தீர்ப்பாயம் அவ்வாண்டு ஜூலையில் ஏற்றுக்கொண்டது. விளையாட்டு நடுவர் நீதிமன்றமும் டிசம்பரில் அதனை உறுதிசெய்தது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்திலேதான் அகாசியின் நூல் வெளிவந்தது. ‘தற்செயல்’ என்னும் அதே விளக்கத்தைத் தாம் 1997இல் பொய்யாகக் கூறி வென்றதாக அவர் எழுதியபோது, மெய்யாகவே அவ்வாறு விளக்கம் கூறுவோர் மீதும் ஐயத்தின் நிழல் படிந்தது. கதைப்பகுதியாக மட்டும் படித்த வாசகர் இவ்விளைவை எண்ணிப் பார்த்திலர்.

‘நான்’ என்பது யாருடைய கூற்று?

இரண்டாம் வகைக் கருத்துகள் நூலின் ஆக்கம் பற்றியவை. பள்ளிக் கல்வியை இடையில் விட்ட ஒருவர் இத்தகைய செம்மையான உரைநடையை எழுதியிருத்தல் இயலுமா என்று ஐயுற்றவர் உண்டு. இந்நூலை உருவாக்கியதில் ஜே. ஆர். மோரிங்கருக்குப் பெரும்பங்கு உண்டு. இவர் 2000ஆம் ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற இதழாளர். இவருடைய ‘தி டெண்டர் பார்’ (2005) என்னும் நினைவுநூலை 2006 அமெரிக்க ஓப்பன் தொடரின்போது படித்த அகாசி, தாமே முயன்று இவரைத் தேடிச் சென்றார். நெடிய உரையாடல்கள் ஒலிப்பதிவு செய்யப்பெற்று நூலாக உருப்பெற்றன. அட்டையில் தம் பெயர் இடம்பெற வேண்டா என மறுத்தவர் மோரிங்கரே. மகப்பேறு பார்த்த மருத்துவச்சி குழந்தையைத் தம்முடன் கொண்டு செல்வதில்லை என்னும் பொருள்பட அவர் காரணம் கூறினார். நன்றியுரையில் அவர் பங்கினை அகாசி வெளிப்படையாகவே குறிப்பிட்டுள்ளார்.

ஆசிரியர், எடுத்துரைப்பவர், முதன்மை மாந்தர் ஆகிய மூவரும் ஒரே பெயரினர் என்னும் உறுதிமொழியே தன்வரலாற்றின் அடிப்படை என்றார் பிலிப் லெஜூன் (1975). இதனைத் ‘தன்வரலாற்று ஒப்பந்தம்’ என்பர். அவரே 1980இல் வெளிவந்த நூலில், எழுதாதோரின் தன்வரலாறு பற்றி ஆராய்ந்து, கூட்டாக ஆக்கப்படும் நூல்களில் இவ்வொற்றுமை ஒரு தோற்றமே என்பதைக் காட்டினார். ‘ஓப்பன்’ நூலின் ‘நான்’ இவ்வகைப்பட்டது. அனுபவம் ஒருவருடையது, மொழி பெரிதும் மற்றொருவருடையது.

இதனைக் குறையாகக் கண்ட வாசகர்கள், நேர்மையைச் சொற்களின் உரிமையோடு இணைத்துவிட்டனர். தாமே எழுதாத ஒன்று தம்முடைய உண்மையாகாது என்பது அவர்தம் கருத்து. இக்கருத்து முழுமையானதன்று. தலைவியின் உள்ளத்தைத் தோழி கூறுதல் தமிழ்க் கவிதை மரபில் ஏற்கப்பட்ட நெறியாகும்; பிறர் கூறுவதனால் அவ்வுள்ளம் பொய்யாவதில்லை. ஆயின் அங்குத் தோழி தோழியாகவே நின்று பேசுகிறாள். ‘நான்’ எனத் தலைவியின் பெயரில் பேசுவதில்லை. இவ்விடத்தில் இச்சொல் இன்னாருக்கு உரியது என்று கேட்போர் உணருமாறு அமைவதே முன்னம். ‘ஓப்பன்’ நூலின் சிக்கல் முன்னத்தில் உள்ளது. வாசகர் நெஞ்சில் தைக்கும் ஓர் உவமை அகாசியின் நினைவிலிருந்து வந்ததா, மோரிங்கரின் பயிற்சியிலிருந்து வந்ததா என்பதை நூலுக்குள்ளிருந்து பிரித்தறிய வழியில்லை.

‘தி டெண்டர் பார்’ தந்தை இல்லாமல் வளர்ந்த சிறுவனின் கதை என்பதும் இங்கு நினையத்தக்கது. தந்தையின் இன்மையை எழுதியவர், தந்தையின் மிகையை வாழ்ந்தவருக்குச் சொல் தந்துள்ளார். நூலின் மிக வலிமையான பகுதிகள் தந்தையைப் பற்றியனவாக இருப்பது தற்செயலாக இராது. இளவரசர் ஹாரியின் ‘ஸ்பேர்’ (2023) நூலையும் மோரிங்கரே ஆக்கினார் என அறியப்பட்டபின், வாசகர் பலர் ‘ஓப்பன்’ நூலுக்குத் திரும்பி, இரண்டிலும் தந்தை–மகன் உறவு மையமாக நிற்பதை ஒப்பிட்டு நோக்கினர். 2009இல் ‘அகாசியின் குரல்’ என்று கொள்ளப்பட்டது, 2023க்குப் பின் ‘மோரிங்கர் ஆக்கிய குரல்’ என்றும் படிக்கப்படுகிறது. நூல் மாறவில்லை, கேட்போர் நிலை மாறியுள்ளது.

இளிவரலும் நம்பகமும்

மூன்றாம் வகையினர், நூலை முழுமையாகப் படித்து, அதன் நேர்மையைப் போற்றியவர்கள். டென்னிஸ் விதிகளை அறியாதோரும் இவருள் அடங்குவர். இவர்களுடைய நம்பிக்கை எதனால் விளைந்தது என்பது இக்கட்டுரையின் தொடக்க வினாவோடு தொடர்புடையது.

நூலின் முதற்பகுதி ‘முடிவு’ என்று தலைப்பிடப்பட்டுள்ளது. முப்பத்தாறு வயது அகாசி, நியூயார்க் விடுதி அறையின் தரையில், தாம் எங்கிருக்கிறோம் என்பதே விளங்காமல் கண் விழிக்கிறார். முதுகெலும்பின் நோவால் எழ இயலவில்லை. அன்றிரவு மார்க்கோஸ் பக்தாதிஸுடன் ஐந்து செட் ஆடி வெல்கிறார். ஆட்டத்துக்குப் பின் இருவரும் அடுத்தடுத்த படுக்கைகளில் வலியோடு கிடந்து, ஒருவர் கையை மற்றவர் பற்றிக்கொள்கின்றனர். இவையனைத்தும் நிகழ்கால வினைகளில் கூறப்படுகின்றன. இளிவரல் என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியம் கூறும் நிலைக்களன்களுள் மூப்பு, பிணி, வருத்தம் ஆகிய மூன்றும் இத்தொடக்கத்தில் ஒருங்கே அமைந்துள்ளன. வெற்றியாளரைக் காண வந்த வாசகர் முதலில் காண்பது இளிவரலுற்ற உடலையே.

பொய்முடி பற்றிய பகுதியும் இத்தகையது. 1990 பிரெஞ்சு ஓப்பன் இறுதியாட்டத்துக்கு முந்தைய இரவில் அம்முடி குலைந்துபோகிறது. ஊசிகளால் அதனைப் பொருத்திக்கொண்டு களமிறங்கிய அகாசி, ஆட்டத்தை விட முடியைப் பற்றியே அஞ்சுகிறார். ஆந்த்ரேஸ் கோமெஸிடம் தோற்கிறார். ‘தோற்றமே அனைத்தும்’ என்னும் பொருள்படும் ஒளிப்படக்கருவி விளம்பரத்தில் அவர் நடித்ததும் அக்காலத்திலேயே. தனக்கு இழுக்குத் தரும் செய்தியைத் தானே கூறுபவர் பொய் கூறார் என்பது உலக வழக்கில் உள்ள ஒரு கருத்து. வாசகரின் நம்பிக்கை இக்கருத்தின் மேல் கட்டப்பட்டுள்ளது. இளிவரலே இங்குச் சான்றாகிறது.

ஆனால் இளிவரலும் ஓர் எடுத்துரைப்பு உத்தியாகலாம். சிறு இழுக்குகளை முன்வைத்துப் பெரிய நம்பிக்கையை ஈட்டுதல் வாதத் திறனுடையோர் அறிந்த முறை. ஆகவே இளிவரலைக் கொண்டு நேர்மையை உறுதிசெய்தல் இயலாது என்பதே திறனாய்வு நோக்கில் பெறப்படும் முடிவாகும். இம்முடிவைப் புறத்திலிருந்து வருவிக்க வேண்டிய தேவையில்லை. நூலே அதனைத் தன்னுள் கொண்டுள்ளது.

பொய்க் கடிதமும் மெய்ந்நூலும்

1997இல் சோதனையில் அகப்பட்ட அகாசி, ஆடவர் டென்னிஸ் அமைப்பான ஏ.டி.பி.க்கு ஒரு கடிதம் எழுதுகிறார். நூலில் ‘ஸ்லிம்’ என்னும் பெயரால் சுட்டப்பெறும் தம் உதவியாளர் அப்பொருளைக் குளிர்பானத்தில் கலந்து பருகுபவர் என்றும், அப்பானத்தைத் தாம் அறியாமல் குடித்துவிட்டதாகவும் அதில் கூறுகிறார். உதவியாளர் அப்பொருளைப் பயன்படுத்தியது உண்மை; அறியாமல் குடித்தது பொய். உண்மையும் பொய்யும் விரவிய அக்கடிதத்தை ஏ.டி.பி. ஏற்றுக்கொண்டது. மூன்று மாத இடைநீக்கத்துக்கு உரிய குற்றம் வெளியுலகு அறியாமலே மறைந்தது.

எதிர்வினையாற்றிய வீரர்கள் இக்கடிதத்தை ஒழுக்கக்கேடாக மட்டும் கண்டனர். போற்றிய வாசகர்கள் இதனை வெளியிட்டதைத் துணிவாக மட்டும் கண்டனர். இக்கடிதம் நூலமைப்பில் வகிக்கும் இடத்தை இருசாராரும் நோக்கினாரல்லர். அகாசி தம்மைப் பற்றித் தன்மையிடத்தில் எழுதிய சிறு தன்வரலாறே அக்கடிதம். அதில் ஒரு ‘நான்’ உண்டு, அந்த ‘நான்’ தன் இழுக்கைச் சிறிதளவு ஒப்புக்கொள்கிறது, நம்பத்தக்க விவரங்களைத் தருகிறது, இரக்கத்தை வேண்டுகிறது. அதற்கு வாசகரும் இருந்தனர். அவர்கள் படித்தனர், நம்பினர், விடுவித்தனர்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே மனிதர் மற்றொரு தன்மைக் கூற்றை வாசகர் முன் வைக்கிறார். இதிலும் இழுக்கின் ஒப்புதலும் நம்பத்தக்க விவரங்களும் இரக்கத்துக்கான வேண்டுகோளும் உள. ‘ஓப்பன்’ நூலைப் படித்து அதன் நேர்மையைப் பாராட்டும் வாசகர், அமைப்பு அடிப்படையில், 1997இல் ஏ.டி.பி. இருந்த இடத்திலேயே இருக்கிறார். நன்கு ஆக்கப்பட்ட ஒரு கூற்று முன்னொருமுறை நம்பப்பட்டது என்பதை நூலே அவருக்கு அறிவித்துவிட்டது. இவ்வறிவிப்புக்குப் பின்னரும் அவர் நம்புகிறார் எனில், அந்நம்பிக்கைக்கான பொறுப்பில் அவருக்கும் பங்குண்டு.

கடிதத்துக்கும் நூலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு என வாதிடலாம். கடிதம் தண்டனையைத் தவிர்க்க எழுதப்பட்டது. நூலோ எவரும் கேளாமலே உண்மையை வெளியிட்டது. இவ்வேறுபாடு மெய்யானது, அகாசியின் பக்கம் நிற்கும் மிக வலிய சான்றும் இதுவே. எனினும் 2009இல் இவ்வொப்புதலுக்கு விதிவழித் தண்டனை ஏதும் இல்லை. அன்றைய விதிகளின்படி எட்டாண்டுகளுக்கு மேற்பட்ட நிகழ்வின் மீது நடவடிக்கை எடுத்தல் இயலாது. புகழுக்கு நேரும் ஊறு மட்டுமே எஞ்சியிருந்தது. அவ்வூறும் நூல் விற்பனையும் ஒரே செய்தியால் விளைந்தன. நடாலின் ‘இப்போது ஏன்’ என்னும் வினா இவ்விடத்தைத் தொடுவதனாலேயே நூலைப் படிக்காத ஒருவரின் வினாவாக இருந்தும் அதன் வலிமையை இழக்கவில்லை.

கருத்துகள் கடந்து சென்றவை

போதைப்பொருள், பொய்முடி ஆகிய செய்திகளில் கருத்துகள் குவிந்தமையால் நூலின் மையப் பொருள் போதிய கவனம் பெறவில்லை. தந்தை தாமே மாற்றியமைத்த பந்தெறி இயந்திரத்தை ஏழு வயது மகன் ‘டிராகன்’ என்று அழைக்கிறான். நாளொன்றுக்கு 2,500 பந்துகள் அடிக்க வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் பந்துகளை அடிக்கும் குழந்தையை எவராலும் வெல்ல இயலாது என்பது தந்தையின் கணக்கு. கணக்கு பொய்க்கவில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கு வழங்கப்படாத நிலையிலும் வெற்றி கிட்டும் என்பதே நூல் எழுப்பும் துன்பியல் உண்மை. வெறுத்ததைச் சிறப்பாகச் செய்ய இயலுமா என்று ஐயுற்ற வாசகர்கள், வெறுப்பும் திறமையும் ஒரே பயிற்சியால் விளைந்தவை என்பதை நோக்கவில்லை. தந்தையின் தரப்பு 2004இல் வெளிவந்த அவருடைய நூலில் உள்ளது. இரண்டையும் ஒருசேர வைத்துப் படிப்போருக்கே இச்சிக்கல் முழுமையாக விளங்கும்.

பிறருடைய குரல் பற்றியும் இங்ஙனமே கூறலாம். தன்னைப் பற்றிய உண்மையைக் கூறும் உரிமை ஒருவருக்கு உண்டு. அவ்வுண்மையில் பிறரும் இடம்பெறுவர். முன்னாள் மனைவி ப்ரூக் ஷீல்ட்ஸ், உதவியாளர், சாம்ப்ராஸ் ஆகியோர் இந்நூலில் அகாசியின் பார்வைவழி மட்டுமே காட்சியளிக்கின்றனர். சாம்ப்ராஸ் ஒரு பணியாளருக்கு மிகச் சிறு தொகையை அன்பளிப்பாகத் தந்தார் என்னும் குறிப்பு அவருக்கு வருத்தம் அளித்தது. 2010 மார்ச்சில் ஹெயிட்டி நிலநடுக்க நிவாரணத்துக்காக இந்தியன் வெல்ஸில் நடந்த காட்சி ஆட்டத்தில் அகாசி அதனைக் களத்திலேயே மீண்டும் கேலியாக நடித்துக்காட்டியதும், பின்னர் வருத்தம் தெரிவித்ததும் பலர் அறிந்தவை. தன்னிழுக்கை உரைத்தல் துணிவு என்றால், பிறரிழுக்கை உரைப்பதை அதே சொல்லால் வழங்க இயலாது. நேர்மை என்னும் ஒரே பாராட்டு இவ்விரண்டையும் வேறுபாடின்றி மூடிவிட்டது.

பிற்பகுதி முற்பகுதியின் தரத்தில் இல்லை. ஸ்டெஃபி கிராஃபுடன் மணம், லாஸ் வேகாஸில் 2001இல் தொடங்கிய பள்ளி ஆகியவை வழியாக வாழ்வு நிறைவெய்துகிறது. பொது ஆடுகளம் ஒன்றில் மனைவியுடன் ஆடும் அகாசி, இன்னும் சிறிது நேரம் ஆட விழைவதோடு நூல் முடிகிறது. வெறுப்பாகத் தொடங்கியது விருப்பமாக முடியும் இவ்வமைப்பு வாசகருக்கு நிறைவளிப்பது. ஆயின் அது மீட்சிக் கதைகளின் பழகிய வடிவம். எதிர்பார்ப்பு எல்லையை மீறித் தொடங்கிய நூல் இறுதியில் அவ்வெல்லைக்குள்ளேயே வந்து அமைகிறது.

முடிவுரை

‘ஓப்பன்’ நூல் பற்றிய கருத்துகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்குக் கேட்போர் நிலைகள் வேறுபடுவதே காரணம் என்பது மேற்கண்ட ஆய்வால் பெறப்படுகிறது. சக வீரர்கள் குற்ற ஒப்புதலைக் கேட்டனர். ஆக்கத்தை ஐயுற்றோர் குரலின் உரிமையைத் தேடினர். போற்றியோர் இளிவரலைச் சான்றாகக் கொண்டனர். மூவகையினரும் நேர்மையை நூலாசிரியரின் பண்பாகவே கருதி, அது வாசகரின் ஏற்பாலும் அமைவது என்பதைக் கருதாது விட்டனர். பொய்க் கடிதத்தைத் தன்னுள் கொண்டமையால் இந்நூல் தன்னை நம்புவதற்கும் ஐயுறுவதற்கும் உரிய காரணங்களை ஒருசேர வழங்குகிறது. அதன் சிறப்பும் அதுவே. தன்வரலாற்றைத் திறனாய்வோர் ‘இது உண்மையா’ என்று கேட்பதற்கு முன், இக்கூற்று யாரை நோக்கியது, அவரிடம் எதனை வேண்டுகிறது, அதனால் வாய் திறவாதோர் யார் என்று கேட்க வேண்டும். இவ்வினாக்களுக்குப் பின்னரும் எஞ்சும் நம்பிக்கையே ‘நேர்மை’ என்னும் சொல்லுக்கு உரியது.